குவாங்சௌவின் கஜானாச் சாவி யாரிடம் இருந்தது? தென்சீனம் 1911–1926: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன வரலாற்றைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால், பேச்சு நேராக மாவோவிடம் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளை, குறிப்பாகத் தெற்கே குவாங்டொங், குவாங்சி, யுனான் மாகாணங்களில் நடந்ததை, "போர்ப்பிரபுக்கள் காலம்" என்ற இரண்டு சொற்களில் கடந்துவிடுகிறோம். பின்னால் சீனாவில் நடந்த பலவற்றுக்கும் விதை விழுந்தது அங்கேதான். வாசக நண்பர்கள் இதுபற்றி அவ்வப்போது கேட்ட கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பெயர்களே குழப்புகின்றனவே, எப்படி நினைவில் வைப்பது?

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். நம்மூரில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரரசை எதிர்த்த புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னை இங்கே 'சுன்' என்றே எழுதுகிறேன். முதலில் அவரோடு நின்று பிறகு மோதிய குவாங்டொங் தளபதி சென் ஜியோங்மிங்கை மட்டும் 'ஜியோங்மிங்' என்கிறேன். இல்லாவிட்டால் சுன்னும் சென்னும் கலந்துவிடும். பழைய புத்தகங்களில் 'கான்டன்' என்று வருவது குவாங்சௌ நகரம். அது குவாங்டொங் மாகாணத்தின் தலைநகர், முத்து ஆற்றின் கரையில் இருக்கிறது. ஹாங்காங்கும் மக்காவும் அதே ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கின்றன. இந்த மூன்று ஊர்களையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும், பாதி வரலாறு தானாகப் புரியும்.

1911-ல் புரட்சி வென்றதே, பிறகு தெற்கும் வடக்கும் ஏன் பிரிந்தன?

1911 அக்டோபர் 10 அன்று வூசாங்கில் படைவீரர்கள் சிங் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். ஒரே மாதத்தில் குவாங்டொங்கும் பேரரசிலிருந்து விலகியது. 1912 ஜனவரி 1 அன்று சுன் நான்ஜிங்கில் தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். ஆனால் பயிற்சி பெற்ற பெரும்படை முழுவதும் வடக்கே யுவான் ஷிகாயின் கையில் இருந்தது. சிங் பேரரசரைப் பதவி விலக வைக்க அவரால்தான் முடியும் என்பதால், சுன் ஒதுங்கிக்கொண்டு பதவியை அவருக்கே விட்டுக்கொடுத்தார். படை இல்லாத தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

தேர்தலில் வென்ற, சுன்னுடைய தேசியக் கட்சியான குவோமிந்தாங்கின் தலைவர்களில் ஒருவர் சுங் ஜியாவ்ரென். நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை வேண்டும் என்று பேசி வந்தவர். 1913 மார்ச்சில் ஷாங்காய் ரயில் நிலையத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதமே யுவான் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் ஆகிய ஐந்து நாட்டு வங்கிகளிடம் 2.5 கோடி பவுண்டு கடன் வாங்கினார். வங்கிகள் நூற்றுக்கு எண்பத்து நான்கு வீதமே கொடுத்ததால், கைக்கு வந்தது சுமார் 2.1 கோடி. முழுத் தொகைக்கும் வட்டி உண்டு, தவணைக்காலம் 47 ஆண்டுகள், அடமானம் சீனாவின் உப்பு வரி. வரி ஒழுங்காக வசூலாகிறதா என்று பார்க்க வெளிநாட்டு அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

அந்தப் பணத்தின் பலத்தோடு, 1913 கோடையில் தெற்கு மாகாணங்கள் செய்த 'இரண்டாம் புரட்சி'யை யுவான் சில வாரங்களில் நசுக்கினார். குவாங்சௌவுக்கு அவர் அனுப்பிய ஆள் லொங் ஜிகுவாங். அந்த மனிதரின் மூன்றாண்டு ஆட்சியை குவாங்டொங் மக்கள் கசப்போடுதான் நினைவில் வைத்திருந்தார்கள்.

கடன் கொடுத்த வங்கிகள் போரில் இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் எந்தத் தரப்புக்குப் பணம் போகிறதோ அந்தத் தரப்பு வெல்லும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

போர்ப்பிரபு என்றால் கொள்ளைக்காரனா, ஆட்சியாளனா?

சிலர் இரண்டுமாக இருந்தார்கள். குவாங்சியின் லூ ரொங்டிங்கைப் பாருங்கள். வறுமையில் பிறந்து, வியட்நாம் எல்லையில் கொள்ளைக் கூட்டத் தலைவராக இருந்து, அரசுப் படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, மாகாணத்தின் இராணுவ ஆளுநராக உயர்ந்தவர். 1915 இறுதியில் யுவான் தன்னையே பேரரசராக அறிவித்தபோது, யுனானில் சாய் ஏ, தாங் ஜியாவ் ஆகிய தளபதிகள் எதிர்த்து எழுந்தார்கள். அடுத்த மார்ச்சில் லூவும் சேர்ந்துகொண்டார். 1916 ஜூன் 6 அன்று யுவான் இறந்தார். அதன்பின் குவாங்சிப் படை குவாங்டொங்குக்குள் புகுந்து 1920 வரை அங்கேயே தங்கிவிட்டது.

இவர்கள் பிழைத்தது எப்படி என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். போர்ப்பிரபுவின் பட்டாளம் அவருடைய சொத்து. அவர் சம்பளம் கொடுக்கும்வரைதான் அது அவருடைய பட்டாளம். ஆகவே அவருக்கு நிலத்தைவிட வசூல் முக்கியம். உப்பு வரி, கடை வரி, ஆற்றில் போகும் படகுக்கு வரி, சூதாட்ட விடுதிகளின் உரிமத் தொகை, அபினி. யுனானில் விளைந்த அபினி குவாங்சி வழியாக குவாங்டொங்குக்கு வரும். வழியெங்கும் துப்பாக்கி ஏந்தியவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். படை நகரும்போது சுமை தூக்க ஆள் வேண்டுமென்றால், வயலில் நிற்பவனைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போவார்கள். "நல்ல இரும்பை ஆணியாக அடிக்க மாட்டார்கள், நல்ல ஆண்மகன் சிப்பாய் ஆக மாட்டான்" என்ற பழைய சீனப் பழமொழி அந்த மக்களின் அன்றாட அனுபவமாகவே இருந்தது.

வெளி மாகாணத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொண்ட இத்தகைய படைகளுக்கு குவாங்டொங்கில் 'விருந்தாளிப் படை' என்று பெயர். விருந்தாளி எழுந்து போகவே மாட்டார். வீட்டுக்காரர் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் செல்வாக்கு என்கிறீர்கள். தெற்குச் சீனாவை யாரும் காலனி ஆக்கவில்லையே?

முழுதாக ஆக்கவில்லை. ஹாங்காங் பிரிட்டனிடம், மக்காவ் போர்ச்சுகலிடம், குவாங்சௌவான் என்ற துறைமுகப் பகுதி 1898 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் பிரான்சிடம் இருந்தன. மற்றபடி மாகாணங்கள் சீனருடையவை. ஆனால் கொடி பறக்காத இடத்திலும் பிடி இருந்தது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

குவாங்சௌ நகரின் தென்மேற்கு ஓரத்தில் ஷாமியன் என்றொரு சின்னத் தீவு உண்டு. நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை; பரப்பு சுமார் 44 ஏக்கர். இரண்டாம் அபினிப் போருக்குப் பின் மணல்திட்டை உயர்த்தி, நகரத்திலிருந்து பிரிக்க ஒரு கால்வாயும் வெட்டி உருவாக்கிய இடம். ஐந்தில் நான்கு பங்கு பிரிட்டனுக்கு, ஒரு பங்கு பிரான்சுக்கு. ஆலமர நிழல், தூதரகங்கள், வங்கிகள், தேவாலயங்கள். நகரத்தோடு தொடர்பு இரண்டு பாலங்கள் வழியாகத்தான், பாலத்தில் காவல் உண்டு. அங்கே சீனச் சட்டம் செல்லாது. கால்வாயின் இந்தக் கரையில் நெருக்கியடித்து நிற்கும் ஷாஜித் தெரு. அந்தக் கரையிலிருந்து ஒருவர் இருமினால் இந்தக் கரையில் கேட்கும். ஆனால் இரண்டும் இரண்டு உலகம்.

ஷாமியன் கண்ணில் பட்டது. கண்ணில் படாதது சுங்கம். சீனத் துறைமுகங்களில் சுங்க வரி வசூலித்த நிர்வாகம் பிரிட்டிஷ் தலைமை அதிகாரி ஒருவரின் கீழ் இயங்கியது. 1911 புரட்சிக்குப் பிறகு வசூலான பணம் நேராக வெளிநாட்டு வங்கிகளில் போய் விழுந்தது. முதலில் வெளிநாட்டுக் கடனும் போர் நட்டஈடும் கழியும். மிச்சம் இருந்தால் வல்லரசுகள் அங்கீகரித்த அரசுக்குப் போகும். அந்த அரசு எப்போதும் பெய்ஜிங்தான்; 1919–20-ல் மட்டும் தெற்குக்கும் ஒரு சிறு பங்கு கிடைத்தது. ஆக, குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு குவாங்சௌ வணிகர் கட்டிய வரி, குவாங்சௌவைத் தாக்கப் படை அனுப்பும் பெய்ஜிங்கின் கைக்குப் போனது. உப்பு வரியைத் தெற்குத் தளபதிகள் அவ்வப்போது பிடுங்கிக்கொண்டார்கள். சுங்கத்தை மட்டும் யாராலும் தொட முடியவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் போர்க்கப்பல் நின்றது.

மூன்றாவது, ஆயுதம். 1919 மே மாதம் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகள் சீனாவுக்கு ஆயுதம் விற்பதில்லை என்று உடன்படிக்கை செய்தன. 1929 வரை அது நீடித்தது. அதற்கு முன்பே ஜப்பான், நிஷிஹாரா கடன்கள் என்ற பெயரில் 14.5 கோடி யென்னைப் பெய்ஜிங் தரப்புக்குக் கொடுத்திருந்தது. இருப்பவனிடம் துப்பாக்கி இருந்தது. இல்லாதவனுக்குக் கடை சாத்தப்பட்டது.

நான்காவது, ரயில். பிரெஞ்சுக்காரர்கள் 1910-ல் முடித்த ஹைஃபோங்–குன்மிங் பாதை சுமார் 850 கிலோமீட்டர். யுனானின் கெஜியூ தகரம் உலகச் சந்தைக்குப் போனது அந்தப் பாதையில்தான். பெய்ஜிங்கில் யுவானின் கண்காணிப்பில் இருந்த சாய் ஏ, ஜப்பானுக்குத் தப்பிச் சென்று அங்கிருந்து சுற்றி வந்து குன்மிங்கை அடைந்ததும் அதே பாதையில்தான். வெளிநாட்டார் போட்ட தண்டவாளம் சில வேளைகளில் குடியரசையும் சுமந்தது. வரலாற்றில் இப்படியும் நடப்பதுண்டு.

சுன் யாட்-சென் குவாங்சௌவில் எத்தனை முறை அரசு அமைத்தார்?

மூன்று முறை. 1917-ல் கடற்படையின் ஒரு பகுதியோடு வந்து 'பெருந்தளபதி' பட்டத்தோடு இராணுவ அரசு அமைத்தார். உண்மையான அதிகாரம் லூ ரொங்டிங்கின் ஆட்களிடம் இருந்தது. பொறுக்க முடியாமல் 1918 ஜனவரியில் ஆளுநர் மாளிகையைக் கப்பலிலிருந்து சுடச் சொன்னார். பயனில்லை. அவருக்குத் துணை நின்ற கடற்படைத் தலைவர் செங் பிகுவாங் அடுத்த மாதமே கொலையுண்டார். மே மாதம் சுன்னுடைய பதவியை எழுவர் குழுவாக மாற்றிவிட்டார்கள். அவர் ஷாங்காய்க்குப் போய்விட்டார்.

இரண்டாம் முறை 1920 இறுதியில், ஜியோங்மிங் குவாங்சிப் படையை விரட்டிய பிறகு. மூன்றாம் முறை 1923 பிப்ரவரியில், யுனான், குவாங்சிக் கூலிப்படைகள் ஜியோங்மிங்கை விரட்டிய பிறகு. அந்த முறை அவருடைய தலைமையகம் ஆற்றின் தென்கரையில் இருந்த ஒரு சிமென்ட் ஆலைக் கட்டடம்.

கவனியுங்கள், மூன்று முறையும் அவர் அடுத்தவருடைய படையின் முதுகில்தான் வந்தார். வாடகை வீட்டில் குடியிருப்பவர், வீட்டுக்காரர் சொன்னதும் காலி செய்ய வேண்டியிருந்ததுபோல.

ஜியோங்மிங் துரோகியா? எல்லாப் புத்தகமும் அப்படித்தானே சொல்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று நினைக்கிறேன்.

ஜியோங்மிங் 1878-ல் ஹைஃபெங்கில் பிறந்தவர். 1911 புரட்சியில் பங்கெடுத்தவர். 1918-ல் சிறு படையோடு ஃபூஜியன் மாகாணத்துக்குப் போய், ஜாங்சௌ நகரை மையமாக வைத்து இரண்டாண்டு நிர்வாகம் செய்தார். சாலை போட்டார், பள்ளி திறந்தார், பத்திரிகை நடத்தினார். 1920-ல் "குவாங்டொங் குவாங்டொங்காரருக்கே" என்ற முழக்கத்தோடு திரும்பி வந்து குவாங்சிப் படையை விரட்டினார். கஜானா நிரம்பும் வழி என்று தெரிந்தும் சூதாட்ட விடுதிகளை மூடினார். பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவிய சென் துசியுவை அழைத்து மாகாணக் கல்விப் பொறுப்பை ஒப்படைத்தார். மாகாணத்துக்கு ஓர் அரசியல் சட்ட வரைவு, மாவட்டத் தலைவர்களுக்குத் தேர்தல், குவாங்சௌவுக்கு மாநகராட்சி: எல்லாம் 1921-ல் நடந்தவை. நகரத்தின் பழைய மதில்களை இடித்து அகலச் சாலைகள் போடும் வேலையும் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது.

சுன்னுக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு கொள்கை வேறுபாடு. மாகாணங்கள் முதலில் தங்களை ஒழுங்காக ஆண்டுகொள்ளட்டும், பிறகு கூடி ஒரு கூட்டாட்சியாகச் சேரட்டும் என்றார் ஜியோங்மிங். குவாங்டொங்கைத் தளமாக வைத்து வடக்கே படையெடுத்து நாட்டை ஒன்றாக்க வேண்டும் என்றார் சுன். படையெடுப்புக்குப் பணம் யார் தருவது? குவாங்டொங் மக்கள்தான். அப்போதுதான் ஒரு மாகாணம் தலைநிமிரத் தொடங்கியிருந்தது.

1922 மார்ச்சில் இருவருக்கும் பாலமாக இருந்த படைத் தலைமை அதிகாரி தெங் கெங் குவாங்சௌ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இறந்தார். ஏப்ரலில் சுன், ஜியோங்மிங்கை ஆளுநர் பதவியிலிருந்து நீக்கினார். ஜூன் 16 விடியற்காலை ஜியோங்மிங்கின் படைகள் சுன்னுடைய மாளிகையைப் பீரங்கியால் தாக்கின. சுன் தப்பினார். பின்னால் தப்பிய மனைவி சுங் சிங்லிங்குக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. இந்த வன்முறைக்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். தலைவரின் வீட்டைக் குண்டு வைத்துப் பிளப்பது எந்தக் கூட்டாட்சிக் கொள்கையிலும் வராது.

ஆனாலும் 'துரோகி' என்ற ஒற்றைச் சொல், அவர் எழுப்பிய கேள்வியையும் சேர்த்துப் புதைத்துவிட்டது. மாகாணத்துக்கு எவ்வளவு உரிமை, மையத்துக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வி அற்பமானதன்று. மாநில சுயாட்சி பற்றிப் பல தலைமுறைகளாகப் பேசி வரும் தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யோங்ஃபெங் கப்பல் ஏன் இவ்வளவு புகழ் பெற்றது?

அது பெரிய கப்பலே இல்லை, சுமார் 780 டன் எடையுள்ள பீரங்கிப் படகு. சிங் அரசு சொல்லி, ஜப்பானின் நாகசாகியில் கட்டியது. 1922 ஜூன் 16-க்குப் பிறகு சுன் அதில் ஏழு வாரங்களுக்கு மேல் தங்கி, வடக்கே போன தன் படை திரும்பி வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தார். கோடை வெயிலில் இரும்புத் தளம் கொதிக்கும். கரையிலிருந்து பீரங்கி சுடும். அப்போது ஷாங்காய் பக்கத்திலிருந்து வந்து அவரோடு கப்பலில் சேர்ந்தவர், பிற்காலத்தில் சீனாவை ஆண்ட சியாங் கை-ஷேக். கஷ்ட காலத்தில் கூட இருந்தவர் என்ற அந்த ஒரு வரவு பின்னாளில் அவருக்குப் பெரிய மூலதனமாயிற்று. படை வரவில்லை. ஆகஸ்ட் 9 அன்று சுன் பிரிட்டிஷ் படகொன்றில் ஹாங்காங் போய், அங்கிருந்து ஷாங்காய் சேர்ந்தார்.

சுன் இறந்த பின் கப்பலுக்கு அவருடைய பெயரான 'ஜொங்ஷான்' சூட்டப்பட்டது. 1938-ல் வூஹான் அருகே ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. கட்டியவர்களே மூழ்கடித்த அந்தக் கப்பலை 1997-ல் யாங்சி ஆற்றிலிருந்து தூக்கி எடுத்தார்கள்.

1923 சுங்க நெருக்கடி என்பது என்ன?

திரும்பி வந்த சுன்னிடம் கூலிப்படைகள் சம்பளம் கேட்டன. யுனான் தளபதி யாங் சிமின், குவாங்சித் தளபதி லியூ ஜென்ஹுவான் இருவரும் நகரத்தின் அபினி, சூதாட்ட வசூலைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஆகவே சுங்க மிச்சத்தில் தெற்கின் பங்கைக் கொடுங்கள் என்று சுன் வல்லரசுகளிடம் கேட்டார். 1919–20-ல் தெற்கு அரசுக்கு 13.7 விழுக்காடு கொடுத்த முன்னுதாரணம் இருந்தது. கிடைக்காவிட்டால் சுங்க அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம் என்றார்.

பதிலாக 1923 டிசம்பரில் முத்து ஆற்றுக்குள் பத்துக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் வந்து நின்றன. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், போர்ச்சுகல். இளமையில் ஹவாயில் படித்த, அமெரிக்கக் குடியரசை முன்மாதிரியாக எண்ணிய சுன்னுக்கு, அந்த வரிசையில் அமெரிக்கக் கப்பல்களே அதிகமாக நின்றது ஆறாத காயம். தன் துறைமுகத்தில் வசூலான வரியில் பங்கு கேட்டதற்கு இவ்வளவு பீரங்கியா என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

அதனால்தான் சோவியத்தோடு சேர்ந்தாரா? அவர் கம்யூனிஸ்ட் ஆகிவிட்டாரா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: இல்லை. 1923 ஜனவரி 26 அன்று ஷாங்காயில் அவரும் சோவியத் தூதர் யோஃபேயும் வெளியிட்ட கூட்டறிக்கையிலேயே, சோவியத் முறை சீனாவுக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. சுன் அதற்கு முன் லண்டன், வாஷிங்டன், டோக்கியோ, பெர்லின் என்று எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்தவர். திறந்தது மாஸ்கோ கதவு மட்டுமே. ஆயுதத் தடை உடன்படிக்கையில் சோவியத் அரசு சேரவில்லை என்பதும் முக்கியம்.

1923 அக்டோபரில் மிகயில் போரோதின் ஆலோசகராக வந்தார். 1924 ஜனவரியில் குவோமிந்தாங்கின் முதல் மாநாடு நடந்தது. கம்யூனிஸ்டுகள் தனித்தனி உறுப்பினர்களாகக் கட்சிக்குள் வந்தார்கள். மாஸ்கோ இதையெல்லாம் தர்மத்துக்குச் செய்யவில்லை. பிரிட்டனையும் ஜப்பானையும் ஆசியாவில் பலவீனப்படுத்துவது அதன் தேவை. உதவி வாங்கியவருக்கும் அது தெரியும்.

வாம்போவா இராணுவக் கழகத்தில் அப்படி என்ன புதுமை?

1924 ஜூன் 16 அன்று, அதாவது மாளிகை தாக்கப்பட்ட அதே நாளின் இரண்டாம் ஆண்டில், குவாங்சௌவுக்குக் கீழே ஆற்றில் இருக்கும் சாங்சௌ தீவில், சுன்னுடைய கட்சிப் படைக்கு அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளியாக அது முறைப்படி தொடங்கியது. தலைவர் சியாங் கை-ஷேக். கட்சிப் பிரதிநிதி லியாவ் ஜொங்கை. சில மாதங்களில் அரசியல் துறைக்குப் பொறுப்பேற்றவர் இருபத்தாறு வயதான சோ என்லாய்.

ஆரம்பத்தில் பயிற்சிக்குக்கூடத் துப்பாக்கி போதவில்லை. அக்டோபரில் வரோவ்ஸ்கி என்ற சோவியத் கப்பல் 8,000 துப்பாக்கிகளோடு வந்து சேர்ந்தது. தோட்டாப் பெட்டிகளை மாணவர்களே தோளில் சுமந்து இறக்கினார்கள்.

துப்பாக்கியைவிடப் பெரிய புதுமை, சிப்பாய்க்குப் பாடம் நடத்தியது. எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று ஒவ்வொரு பிரிவிலும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். மக்கள் வீட்டில் புகக்கூடாது, வயலில் நிற்பவனைச் சுமைக்கு இழுக்கக்கூடாது, வாங்கிய பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும். 1925 பிப்ரவரியில் ஜியோங்மிங்கை எதிர்த்துக் கிழக்கே போன இந்த இளம்படை, எண்ணிக்கையில் பெரிய எதிரியை மியன்ஹூவில் முறியடித்தது. ஊர் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஓடாமல் வழி காட்டினார்கள். விருந்தாளிப் படையையே பார்த்துச் சலித்த மக்களுக்கு இது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

வணிகர் படை ஏன் எழுந்தது?

கடைக்காரர்களுக்கும் நியாயமான கோபம் இருந்தது. விதவிதமான வரி, நாளுக்கொரு பட்டாளம். தங்கள் தெருக்களைக் காக்க அவர்கள் சொந்தக் காவற்படை வைத்திருந்தார்கள். அதன் தலைவர் சென் லியான்போ, ஹாங்காங்–ஷாங்காய் வங்கியின் குவாங்சௌ கிளைக்குத் தரகராக இருந்த பெரும் பணக்காரர். ஜியோங்மிங்குக்கும் இவருக்கும் குடும்பப் பெயர்தான் ஒன்று, ஊர் வேறு. வெளிநாட்டு நிறுவனத்துக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் நடுவில் நின்று, இரு பக்கமும் நம்பிக்கைக்குப் பிணை கொடுத்து, கமிஷனில் வளர்ந்த இந்த வகுப்பைத்தான் இடதுசாரிகள் 'தரகு முதலாளிகள்' என்றார்கள். தமிழ்நாட்டுச் சுவரொட்டிகளில் நாம் பார்த்துப் பழகிய அந்தச் சொல்லுக்கு மூலம் இந்தத் துறைமுக நகரங்கள்தான்.

1924 ஆகஸ்டில் நார்வே கொடியோடு வந்த 'ஹாவ்' கப்பலில் வணிகர் படைக்கு ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் வந்தன. சுன் அவற்றைப் பறிமுதல் செய்து வாம்போவாவில் வைத்தார். கடையடைப்பு தொடங்கியது. நகரத்தின் மீது பீரங்கி சுட்டால் பிரிட்டிஷ் கடற்படை தலையிடும் என்று பிரிட்டிஷ் தூதர் எச்சரித்தார். சுன், பிரிட்டனின் தொழிற்கட்சிப் பிரதமர் மெக்டொனால்டுக்கே தந்தி அடித்துக் கண்டித்தார்.

அக்டோபர் 10 அன்று ஊர்வலத்தில் போனவர்கள் மீது வணிகர் படை சுட்டது. 15-ஆம் தேதி அரசுப் படைகள் சிகுவான் வணிகப் பகுதிக்குள் புகுந்து அதை ஒடுக்கின. தீயில் தெருக்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. அதைச் செய்தது சுன்னுடைய தரப்பு. சென் லியான்போ ஹாங்காங்குக்கு ஓடிவிட்டார். தப்ப முடியாத சின்னக் கடைக்காரர்கள்தான் சாம்பலைக் கிளறிக்கொண்டு நின்றார்கள்.

ஷாஜியில் 1925 ஜூன் 23 அன்று நடந்தது என்ன?

சுன் அந்த ஆண்டு மார்ச் 12 அன்று பெய்ஜிங்கில் காலமானார். மே 30 அன்று ஷாங்காயில் பிரிட்டிஷ் அதிகாரியின் கீழிருந்த போலீஸ் ஊர்வலத்தினர் மீது சுட்டது. நாடே கொந்தளித்தது. ஹாங்காங் தொழிலாளர்கள் வேலையை விட்டு குவாங்சௌவுக்கு வரத் தொடங்கினார்கள்.

ஜூன் 23 அன்று தொழிலாளர், மாணவர், வாம்போவா வீரர்கள் சேர்ந்த பேரணி ஷாஜித் தெரு வழியாகப் போனது. மேலே சொன்ன அதே தெரு. ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் கால்வாய், அதற்கப்பால் ஷாமியன். முதல் குண்டு யாருடையது என்பதில் இரு தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் ஷாமியனிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன என்பதில் சந்தேகமில்லை. ஒதுங்க இடமில்லாத தெருவில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஷாமியன் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் இறந்தார்.

அதன்பின் வேலைநிறுத்தம் 1926 அக்டோபர் வரை, பதினாறு மாதம் நீடித்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் ஹாங்காங்கை விட்டு வெளியேறினார்கள். கப்பல்கள் சரக்கில்லாமல் நின்றன. 'ஹாங்காங்' என்றால் மணக்கும் துறைமுகம். குப்பை அள்ள ஆளில்லாமல் போன அந்த ஊரை வேலைநிறுத்தக்காரர்கள் 'நாறும் துறைமுகம்' என்று அழைத்தார்கள். வணிகத்தைத் தாங்கிப் பிடிக்க லண்டன் 30 லட்சம் பவுண்டு கடன் கொடுக்க வேண்டியிருந்தது. பீரங்கிப் படகால் அசைக்க முடியாத ஒரு பிடியைப் படகுத் துடுப்புக்காரரும் சமையற்காரரும் சலவைத் தொழிலாளியும் அசைத்தார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம் இது.

இதில் இந்தியர்களுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு, பெருமைப்படும்படியாக இல்லை. 1913 கடனுக்காக உப்பு வரியைச் சீரமைக்க வந்த சர் ரிச்சர்ட் டேன், அதற்கு முன் இந்தியாவில் உப்பு, கலால் துறைத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். இந்தியாவில் கற்ற வித்தை அங்கே பயன்பட்டது. ஷாங்காய் மே 30 துப்பாக்கிச் சூட்டில் சுட்டவர்களில் சீக்கியக் காவலர்களும் இருந்தார்கள். ஆணை பிரிட்டிஷ் அதிகாரியுடையது, விரல் நம்மவருடையது. மலேசியத் தமிழர்களுக்கு வேறொரு தொடர்பு: 1911 ஏப்ரலில் குவாங்சௌவில் தோற்ற ஹுவாங்ஹுவாகாங் எழுச்சிக்குத் திட்டம் போட்டது பினாங்கில்தான்.

கடைசியில் குவாங்டொங்கை வென்றது யார்?

1925 ஜூனில் யாங் சிமின், லியூ ஜென்ஹுவான் படைகள் விரட்டப்பட்டன. ஜூலை 1 அன்று தேசிய அரசு அமைந்தது. ஆகஸ்டில் லியாவ் ஜொங்கை கொல்லப்பட்டார். அக்டோபரில் ஜியோங்மிங்கின் கோட்டையான ஹுயிசௌ வீழ்ந்தது. குவாங்சியில் லி ஜொங்ரென், பாய் சொங்சி என்ற இளம் தளபதிகள் பழைய லூ ரொங்டிங்கை ஒதுக்கிவிட்டு குவாங்சௌவோடு கைகோத்தார்கள். 1926 மார்ச் 20 அன்று, அதே ஜொங்ஷான் கப்பலின் நடமாட்டத்தைக் காரணம் காட்டி, சியாங் நகரத்தில் இராணுவச் சட்டம் அறிவித்து, கம்யூனிஸ்டுகளைக் கைதுசெய்து, சோவியத் ஆலோசகர்களின் வீடுகளைச் சுற்றி வளைத்தார். ஜூலையில் வடக்குப் படையெடுப்பு தொடங்கியது. சுன் வாழ்நாள் முழுவதும் இல்லாமல் தவித்த சொந்தப் படை கடைசியில் உருவானது. அது கட்சியின் படையாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரு தளபதியின் படையாக அது மாறியதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று அங்கே போனால் இவற்றில் எதைப் பார்க்கலாம்?

ஷாமியன் தீவு ஆலமரங்களோடு அப்படியே இருக்கிறது. ஷாஜித் தெருவுக்கு, ஜூன் 23-ஐக் குறிக்கும் 'ஆறு-இருபத்து மூன்று சாலை' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். "இந்த நாளை மறவாதே" என்று பொறித்த நினைவுக்கல் அங்கே நிற்கிறது. சிமென்ட் ஆலைத் தலைமையகம் அருங்காட்சியகம். ஜொங்ஷான் கப்பல் வூஹானில். 1922-ல் பீரங்கி துளைத்த மாளிகை இருந்த இடத்தில், நீல ஓடு வேய்ந்த சுன் யாட்-சென் நினைவு மண்டபம் எழுந்து நிற்கிறது. ஜியோங்மிங் 1933-ல் ஹாங்காங்கில் வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறை ஹுயிசௌவில், மேற்கு ஏரிக்கரைக் குன்றில் இருக்கிறது.